அரைப்புள்ளி

பூசணம் தெளித்த பதினான்காம் நாள்
இலைகளுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை.
நான்கு என்றால் தோல்வி:
செங்கல் பொடி நிறத்தில் கொப்புளம் வெடித்து
தொட்ட விரலோடு வந்துவிடும்.
சுழியம் என்றால் இலைக்கு ஒன்றுமே தெரியாது.
சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
எண்ணாக இல்லாத ஒரு குறி உண்டு.
அரைப்புள்ளி.
யார் தொடங்கிய வழக்கமோ.
ஊசிமுனை அளவு வெளுத்த தடம்,
அதற்குள் நோய் நுழைந்த கணமே
கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போன
ஓர் உயிரணு,
அடுத்த அறைக்குத் தீ தாவாதபடி.

ஆர்சி மேட்டில் கோதுமை பால்பிடித்த வாரம்
அக்காள் கணவன் ஜிலோ வந்தான்.
கண்ணாடிக்கூடத்து வாசலிலேயே நிறுத்தினேன்.
முழங்காலுக்குக் கீழே கால்சட்டை சிவந்திருந்தது.
"போன மாதம் பச்சையாகத்தான் இருந்தது, ஒப்ஸிட்டு."
மழை வேறு. நனைந்துகொண்டே சொன்னான்.
உள்ளே விடவில்லை.
அவன் வயலின் துரு என் தொட்டிகளில் ஏறினால்
இரண்டு வருஷம் பாழ்.
கொண்டுவந்த தண்டை உறைக்குள் வாங்கி
மேலே தேதி எழுதினேன்,
அடகுக்கடைக்காரி மாதிரி.

என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான்.
நோயாளியை என்றேன்.
சிரிக்கவில்லை அவன்.

ஆட்டுப்புல் என்று ஒன்று,
கோதுமைக்குக் காட்டுவழிப் பங்காளி,
அரைத்தால் மாவு தேறாது.
அதை இந்தத் துரு தின்பதில்லை.
ஏன் என்று தெரிய வேண்டுமானால்
அதைக் கெடுத்துத்தான் பார்க்க வேண்டும்.
விதைகளை ரசாயனத்தில் ஊறவைத்தோம்
எழுத்துக்கு எழுத்து பிழை விழும்படி.
இரண்டாயிரத்து நானூறு தொட்டிகள்.
நலமாக நிற்பவற்றைத் திரும்பியும் பாராமல்
குனிந்து குனிந்து போனோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை வுபாலெம் கத்தினாள்:
"நான்கு! இங்கே நான்கு!"
ஓடிப் போய்ப் பார்த்துக் கைதட்டினோம்,
இலை முழுக்கச் செங்கல் பொடி.
தட்டிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது
ஜிலோவின் இரண்டு ஏக்கரும் நான்கு.

ஆறு நோயாளிகள் சேர்ந்தன.
இலைகளைப் பொடித்து, உறைய வைத்து,
கடல் தாண்டி வாசிக்க அனுப்பினோம்.
ஒவ்வொரு செடிக்குள்ளும்
நூற்றுக்கணக்கான ஏற்பிகள் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன,
ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரே ஓர் அந்நியனுக்காக.
பெரும்பாலானவற்றுக்கு
அவன் வராமலே காலம் போய்விடும்.
பதில் வந்த அன்று மின்சாரம் இல்லை.
வுபாலெமின் கைபேசியில் மாறி மாறிப் படித்தோம்.
ஆறிலும் ஒரே மரபணு உடைந்திருந்தது,
ஆறு வெவ்வேறு இடங்களில்.
அவற்றில் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறி
வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி.
அதற்கப்புறம் செடிக்குப் பேச்சு வரவில்லை.

ஜிலோவின் தண்டிலிருந்த துருவைப்
பூட்டிய தனி அறையில் வளர்த்து
கெடுக்காத ஆட்டுப்புல்லின் மேல் தெளித்தேன்.
பதினான்கு நாள்.
பன்னிரண்டாம் நாளே போய் நின்றேன், தப்புதான்.
உருப்பெருக்கியின் கீழ்
வெளிர் தடங்கள், வெளிர் தடங்கள்.
பதிவேட்டில் வரிசையாகப் போட்டேன்:
;
;
;

கூப்பிட்டேன். சந்தையில் இருந்தான்,
மாடுகளின் சத்தம் கேட்டது.
"உன் துருவைத் தாங்குகிறது" என்றேன்.
"என் கோதுமையா?"
"புல்."
கொஞ்ச நேரம் மாடுகள் மட்டும்.
"கோதுமைக்கு எப்போது வரும்?"
ஒட்டுச்சேர்க்கை, மறுபடி ஒட்டுச்சேர்க்கை,
புல்லின் குணமெல்லாம் கழிய வேண்டும்,
அதற்குள் துருவும் சும்மா இருக்காது,
கூட இன்னும் இரண்டு மூன்று மரபணு வேண்டும்.
இதையெல்லாம் விட்டுவிட்டு
ஏழெட்டு வருஷம் என்றேன்.

"சரி" என்றான்.
"காளைக்கு ஒருவன் விலை கேட்கிறான், இரு"